பகிடித் தட்டும் கசெற்றும்: வன்னியில் சேகரிக்கத் தொடங்குவோருக்கு

பழைய சினிமாப் பாட்டுத் தட்டு ஒன்று உடைந்துபோனாலும் அந்தப் பாட்டை வேறெங்காவது தேடிப் பிடித்துவிடலாம். இரண்டு வரி முணுமுணுத்தால் படத்தின் பெயரைச் சொல்ல ஆள் இருக்கிறது. பகிடிக்கு, அதாவது பேசிச் சிரிக்கவைக்கும் நகைச்சுவைக்கு, அந்த வசதி இல்லை. மேடையில் ஒருவர் பேசியதை ஒலிபெருக்கிக்காரர் பதிந்திருப்பார். அதிலிருந்து நாலு பேர் பிரதி எடுத்திருப்பார்கள். மூலக் கசெற் இடப்பெயர்வில் போயிருக்கும். மிஞ்சிய ஒரே பிரதியில் நீல மையால் "பகிடி 3" என்று மட்டும் எழுதியிருக்கும். பேசியவர் யார், எந்த ஊர்த் திருவிழா, எந்த ஆண்டு என்று ஒன்றும் இராது. அதைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். எனவே முதல் நாளிலிருந்தே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கேட்டு எழுதாத கசெற் சேகரிப்பில் சேர்ந்ததாகாது. தேடுவது, கழுவுவது, திருத்துவது எல்லாம் அந்தக் கேட்டு எழுதும் வேலைக்காகத்தான்.

எவை கையில் வரும்

கறுப்பாக, கனமாக, விழுந்தால் உடைவது 78 சுற்றுத் தட்டு. அரக்கும் கனிமத் தூளும் கலந்து அழுத்திச் செய்தது. 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம் ஓடும். 12 அங்குலத்தில் 4 நிமிடத்துக்குச் சற்றுக் கூட. நாடகங்களைப் பல தட்டுகளாகப் பிரித்து 'செற்'றாக விற்றது இதனால்தான். செற்றில் ஒன்று குறைந்தால் கதை நடுவில் அறுந்துவிடும். ஆனாலும் குறைச் செற்றை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள், மிச்சத் தட்டு இன்னொரு வீட்டில் இருக்கலாம். என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் காலத்து நகைச்சுவைப் பாட்டுகள் இந்த வடிவில் வந்தவை.

வினைல் தட்டு வளையும், எளிதில் உடையாது. 33⅓ சுற்று நெடுந்தட்டு 1948 இலும் 45 சுற்றுச் சிறுதட்டு 1949 இலும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. எங்கள் பக்கம் பரவியது பிறகு. பகிடி தேடுபவருக்கு இதில் முக்கியமானவை திரைப்படக் கதை வசனத் தட்டுகள். 'திருவிளையாடல்' (1965) தருமி காட்சியைப் படம் பார்க்காதவர்கள்கூட மனப்பாடமாகச் சொல்வது கோயில் வீதிகளில் ஒலிபெருக்கியில் கேட்ட பழக்கத்தால்தான்.

வன்னியில் உங்களுக்கு அதிகம் கிடைக்கப்போவது கசெற். பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகம் செய்த இந்தச் சின்னப் பெட்டி வந்த பிறகு பதிவது எவருக்கும் இயன்ற காரியமாயிற்று. கடையில் விற்ற கசெற்றுகள் ஒரு பக்கம்: கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' போன்றவை. றேடியோவில் போன நிகழ்ச்சிகளை வீட்டில் பதிந்தவை இன்னொரு பக்கம்: 'கோமாளிகளின் கும்மாளம்' போல, 1976 இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்த தொடர்கள். மூன்றாவது வகை மேடைப் பதிவு. டிங்கிரி, சிவகுரு போன்ற பெயர்பெற்ற இணைகளிலிருந்து ஊர்ப் பள்ளிக்கூட விழாவில் ஒரேயொரு தடவை ஏறிய பெயர் தெரியாதவர் வரை இதில் அடக்கம். எங்கள் கணிப்பில் மூன்றாவது வகைதான் முதலில் காப்பாற்றப்பட வேண்டியது, ஏனென்றால் அதற்கு இரண்டாவது பிரதி பெரும்பாலும் இருப்பதில்லை.

சுருள் நாடா அருமையாகவே வரும். பெட்டியைத் திறந்ததும் வினாகிரி மணம் அடித்தால் அது அழியத் தொடங்கிய அசற்றேற் நாடா. தனியாகக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், ஓட்ட வேண்டாம்.

பகிடிப் பாட்டும் பொப் பாட்டும் சேருமா என்று ஆரம்பத்திலேயே முடிவெடுங்கள். சேர்க்கலாம், ஆனால் பட்டியலில் தனி வகையாகக் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் உங்கள் அலுமாரி முழுதும் பாட்டாகிவிடும்.

எங்கே, எப்படிக் கேட்பது

முதலில் போகவேண்டிய இடம் பழைய ஒலிபெருக்கிச் சேவைக்காரர் வீடு. வற்றாப்பளைப் பொங்கலுக்கோ புதூர் நாகதம்பிரானுக்கோ ஒலிபெருக்கி கட்டியவர்களிடம் தட்டுப் பெட்டியும் கசெற் பெட்டியும் இருந்தன. அடுத்தது, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வெற்றுக் கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுத்த கடைகளை நடத்தியவர்கள். பிறகு பழைய இரும்பு வாங்குபவர்கள். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: 2008, 2009 இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய வீட்டில் மிஞ்சியதைவிட, அதற்கு முன்னரே வவுனியாவுக்கோ மன்னாருக்கோ கொழும்புக்கோ கனடாவுக்கோ போன உறவினரின் பெட்டியில் மிஞ்சியது அதிகம். ஊரில் கேட்கும்போதே "வெளிநாட்டுக்கு ஆருக்கும் பிரதி அனுப்பினனீங்களோ?" என்று கேட்டு வையுங்கள்.

புதைத்து வைத்துவிட்டுப் போன பெட்டியைப் பற்றிச் சிலர் சொல்வார்கள். கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்படாத காணியில் கால் வைக்க வேண்டாம். மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதும் போதாது. பிரதேச செயலகத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். எந்தக் கசெற்றும் ஒரு காலுக்கு ஈடில்லை.

போகும்போது குறிப்புப் புத்தகம், போன், பழைய பத்திரிகைக் கட்டு, கடினமான பிளாஸ்ரிக் கூடை எடுத்துச் செல்லுங்கள். அவர்களுடைய பழைய பிளேயரில் போட்டுக் காட்டச் சொல்லாதீர்கள். பல வருடம் கிடந்த இயந்திரம் நாடாவைத் தின்றுவிடும். பொருளைத் தூக்குமுன் இருந்த இடத்திலேயே பெட்டியைப் படம் எடுங்கள். எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதும் தகவல்தான்: ஒரே பெட்டியில் ஒரே கையெழுத்தில் இருக்கும் ஐந்து கசெற் பெரும்பாலும் ஒரே ஆள் பதிந்தவை. பிறகு உட்கார்ந்து கேளுங்கள். "அண்ணை, இதில பேசுறது ஆர்? எங்க பதிஞ்சது? நீங்களே பதிஞ்சதோ, ஆரிட்டையும் வாங்கிப் பிரதி எடுத்ததோ?" கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரதியின் பிரதியா என்பது தெரிந்தால் இன்னும் தெளிவான ஒன்றைத் தேடலாமா என்பதும் தெரியும்.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை அதிகமில்லை. 78 தட்டை விளிம்பில் பிடித்துச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி ஓடும் பள்ளங்கள் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் உருக்கு ஊசி தேய்த்துவிட்டது. விரலால் மெல்லத் தட்டினால் நல்ல தட்டு கணீரென்னும். வெடிப்புள்ளது மந்தமாக ஒலிக்கும். வினைலில் நகம் தட்டுப்படும் கீறல் காதிலும் கேட்கும். கசெற்றின் கண்ணாடி வழியே வெள்ளைத் தூள் தெரிந்தால் பூஞ்சணம். அதை மற்றவற்றோடு சேர்க்காமல் தனிப் பொலித்தீன் பையில் கட்டுங்கள்.

கொண்டுவரும்போது தட்டுகளை நிமிர்த்தி, இடையிடையே பத்திரிகை வைத்து இறுக்கமாக அடுக்குங்கள். படுக்க வைத்தால் கிரவல் வீதியில் ஒரு குழி போதும், அடித்தட்டு 78 வெடித்துவிடும். பூட்டிய வாகனத்தை வெயிலில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். வினைல் இளகி வளைந்துவிடும்; வளைந்ததை வீட்டில் நிமிர்த்துவது கடினம்.

கழுவுதல்

வன்னிக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைதான் பள்ளத்திலும் படிந்து சரசரக்கும். பற்றறிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் எரிபொருள் நிலையத்தில் கிடைக்கும். போத்தலை வாசித்து வாங்குங்கள். பற்றறி அசிட்டும் கடையில் அதே அடுக்கில்தான் இருக்கும். ஒரு லீற்றருக்கு வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி போதும். மென்மையான அகலத் தூரிகையால் பள்ளம் ஓடும் திசையில் வட்டமாகத் தேய்த்து, வெறும் தண்ணீரால் மறுபடி துடைத்து, நிழலில் நிமிர்த்தி உலர விடுங்கள். நடுவிலுள்ள காகிதம் நனையக் கூடாது. வாசிக்கவேண்டிய எண்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

78 தட்டில் ஸ்பிரிட், கொலோன், அற்ககோல் எதுவும் படக்கூடாது. அரக்கு அதில் கரையும். ஒரு துடைப்பில் பள்ளமே அழிந்துவிடும். தண்ணீரிலும் ஊற வைக்க வேண்டாம், நனைத்த உடனே துடையுங்கள்.

கசெற் திருத்தம்

ஓடாத கசெற்றில் பெரும்பாலும் நாடா நன்றாகவே இருக்கும்; கெட்டுப்போவது கூடு. மூன்று குறை திரும்பத் திரும்ப வரும். ஒன்று, நாடாவைப் பிளேயரின் தலையோடு (நாடாவை வாசிக்கும் பகுதியோடு) அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு, பசை காய்ந்து விழுந்திருக்கும். அப்போது சத்தம் தூரத்தில் பேசுவதுபோல மங்கி, ஏறி இறங்கும். இரண்டு, உள்ளே இருக்கும் வழுக்குத் தாள் சுருண்டு சக்கரத்தைப் பிடிக்கும். கீச்சென்று சத்தம் வரும். மூன்று, நாடாவின் தொடக்கத்தில் உள்ள தெளிந்த முனை சக்கரத்திலிருந்து கழன்றிருக்கும். மூன்றுக்கும் மருந்து ஒன்றே: கூடு மாற்றுதல். மூன்றாவதானால் கூட்டைத் திறந்ததும் கழன்ற முனையைச் சக்கரத்தில் மறுபடி மாட்டவும் வேண்டும்.

ஐந்து திருகாணி போட்ட நல்ல C60 கசெற் ஒன்றைத் தானம் கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திர வாய் சின்ன ஸ்குறூட்றைவர், வெள்ளைத் துணி விரித்த மேசை, மின்விசிறி நிறுத்திய அறை. காற்று முக்கியம், அவிழ்ந்த நாடா பறக்கும்.

1. பழைய கசெற்றில் நாடா முழுவதையும் பென்சிலால் ஒரு பக்கமாகச் சுற்றி இறுக்குங்கள்.
2. முதல் பக்கம் மேலே இருக்க மேசையில் படுக்க வைத்து ஐந்து திருகாணியையும் கழற்றுங்கள். தூக்கிப் பார்க்கக் கூடாது.
3. மேல் மூடியை நேராக மேலே எடுங்கள். வழுக்குத் தாள் மூடியோடு ஒட்டி வரலாம். மெல்லப் பிரித்து விடுங்கள். போனில் ஒரு படம் எடுங்கள்.
4. புதிய கூட்டையும் அதேபோல் திறந்து, அதன் நாடாச் சக்கரங்களை எடுத்துவிடுங்கள். உருளைகள், கம்பளித் துண்டு, கீழ்த் தாள் அங்கேயே இருக்கட்டும்.
5. பழைய சக்கரங்கள் இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தூக்கி, அதே பக்கம் மேலே இருக்கப் புதிய கூட்டில் வையுங்கள். தலைகீழானால் பக்கங்கள் மாறிவிடும்.
6. நாடாவை மூலை உருளைகளுக்கு வெளிப்புறமாகவும் கம்பளித் துண்டுக்கு முன்னாலும் கொண்டுபோங்கள். மங்கலான, பதிவு உள்ள முகம் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும்; சாதாரணக் கசெற்றில் அது மண்ணிறமாக இருக்கும்.
7. மேல் தாள், மூடி, திருகாணி. திருகாணியை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, இறுக்கிப் பிழியாமல் போடுங்கள். பென்சிலால் சுற்றிப் பார்த்து இலகுவாகச் சுழன்றால் சரி.

திருகாணி இல்லாமல் ஒட்டிய கூடானால், நாடா வெளியே தெரியும் பக்கத்துக்கு எதிர்ப் பக்க மூட்டில் மெல்லிய தகட்டை நுழைத்துத் திருகிப் பிளக்க வேண்டும். பழகும்வரை வெற்றுக் கசெற்றில் செய்து பாருங்கள். மேலே ஒட்டியிருந்த பழைய காகிதம், கையெழுத்து, உடைந்த கூடு எதையும் வீசாதீர்கள். எண் போட்டு ஒரு பையில் வையுங்கள்.

அறுந்த நாடாவை ஒட்டச் சாதாரண செலோரேப் பாவித்தால் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டி, பிறகு பிளேயரின் தலையிலும் ஒட்டும். அதற்கென்றே உள்ள ஒட்டு நாடாவைச் சரிவாக வெட்டிய இரண்டு முனைகளின் பின்முகத்தில் ஒட்டுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த கசெற் வேறு கதை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்தது போன்ற வெள்ளத்தில், நனைந்ததும் வெயிலில் காயப்போடுவதுதான் எல்லோரும் செய்வது. சேறு நாடாவோடு சேர்ந்து காய்ந்தால் பிரிக்க முடியாது. சேறு காயமுன் கூட்டைத் திறந்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, நிழலில் மின்விசிறிக் காற்று நேரே படாமல் உலர விடுங்கள். பூஞ்சணம் பிடித்ததை வெளியில் வைத்து, முகக்கவசம் அணிந்து, முதலில் நன்றாக உலர்த்தி, பிறகு உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். ஈரமாகத் துடைத்தால் உள்ளே பரவும்.

ஓட்டிப் பதிதல்

கையால் சுற்றும் கிராமபோனில் வினைலை ஒருபோதும் போடாதீர்கள். அதன் கனமான தலையும் உருக்கு ஊசியும் ஒரே ஓட்டத்தில் பள்ளத்தை உழுதுவிடும். 78 தட்டுக்கும் வினைலுக்கும் ஊசி வேறு: 78 இன் பள்ளம் அகலம், அதற்கு ஏறக்குறைய 75 மைக்ரோன் முனை வேண்டும், வினைலுக்கு 18 முதல் 25 மைக்ரோன். வினைல் ஊசியை 78 இல் போட்டால் அது பள்ளத்தின் அடியிலுள்ள தூசியைத்தான் வாசிக்கும். 78 வேகம் இல்லாத இயந்திரமானால் சரியான ஊசியோடு 45 இல் பதிந்து, கணினியில் 1.733 மடங்கு வேகப்படுத்தலாம். கேட்டு எழுத அது போதும். மூலப் பதிவாக அதை வைக்க வேண்டாம், தொனி சமநிலை பிசகியிருக்கும்.

கசெற்றை ஓட்டுமுன் பிளேயரின் தலையையும் நாடாவை இழுக்கும் உலோகக் கம்பியையும் ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். மருந்துக்கடைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் எண்ணெய் கலந்திருக்கலாம், தவிர்க்கவும். பிறகு நாடாவை ஒரு தடவை முழுதும் முன்னே ஓட்டிப் பின்னே சுற்றி இறுக்கத்தைச் சமப்படுத்துங்கள். சத்தம் மங்கலாக இருந்தால் தலைக்குப் பக்கத்திலுள்ள சின்னத் திருகாணியை அரைச் சுற்றுக்குள் மெல்லத் திருப்பி, 'ச', 'ஸ' ஒலிகள் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கசெற்றுக்கும் அந்த இடம் மாறும், பதிந்த இயந்திரம் வேறு என்பதால்.

வேகம் வன்னிப் பதிவுகளின் தனிப் பிரச்சினை. கரன்ட் இல்லாத, பற்றறிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். சக்தி குறைந்த நிலையில் பதிந்த நாடா மெதுவாக ஓடியிருக்கும். இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் கீச்சென்று விரைவாக வரும். மின்சார இரைச்சல் பதிவில் கேட்டால் அதை அளவுகோலாக்கலாம். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பதிவில் இரைச்சல் 53 இல் நின்றால் வேகத்தை 50/53, அதாவது 0.943 மடங்காக்க வேண்டும். ஆனால் கோயில் மேடையில் ஜெனறேற்றரில் பதிந்ததற்கு இந்தக் கணக்குச் செல்லாது, ஜெனறேற்றர் 50 இல் நிலையாக நிற்பதில்லை. அங்கே பேசியவரைத் தெரிந்த ஒருவரின் காதுதான் அளவுகோல்.

பதிவை 24 பிற், 48 அல்லது 96 கிலோஹேர்ட்ஸ், சுருக்காத வேவ் கோப்பாக வையுங்கள். 48 இல் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 1 ஜிகாபைற் பிடிக்கும், 96 இல் 2. உச்ச ஒலி கழித்தல் 6 டெசிபெலைத் தாண்ட விடாதீர்கள். சனம் கூட்டமாகச் சிரிக்கும் இடத்தில் சட்டென்று ஏறும், அதற்கு இடம் விட வேண்டும். ஓடாசிற்றி போன்ற இலவச மென்பொருள் போதும். இரைச்சல் நீக்கும் வசதியையும் மௌனத்தை வெட்டும் வசதியையும் மூலக் கோப்பில் தொடாதீர்கள். நல்ல பகிடிக்காரர் சிரிப்பு அடங்கும்வரை வாய் திறக்காமல் நிற்பார். மென்பொருளுக்கு அது வெறும் இடைவெளி. வெட்டிவிட்டால் பகிடியே செத்துப்போகும்.

பட்டியல்

பொருளுக்கு எண் போடுவது முதல் வேலை. வகை எழுத்தும் நான்கு இலக்கமும் போதும்: அ (அரக்குத் தட்டு), வி (வினைல்), க (கசெற்), சு (சுருள்). க-0041 இன் இரண்டாம் பக்கம் க-0041-2. தட்டிலோ கசெற்றிலோ எண்ணை ஒட்ட வேண்டாம். உறையில் மென்மையான பென்சிலால், தட்டை வெளியே எடுத்துவிட்டு எழுதுங்கள். கணினிக் கோப்புகளின் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் பாவித்தால் எந்தக் கணினியிலும் திறக்கும்.

கணினியில் விரிதாள் ஒன்று போதும். பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யாதீர்கள், யுனிகோட்டில் செய்யுங்கள். பாமினியில் எழுதியது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குப்பையாகத் தெரியும், தேடவும் முடியாது.

தலைப்புக்கு இரண்டு நிரல் வேண்டும். ஒன்றில் பொருளில் உள்ளபடி, எழுத்துப் பிழையோடு அப்படியே. மற்றதில் நீங்கள் கொடுக்கும் பெயர், சதுர அடைப்புக்குள். பெயர்களுக்கும் இதே வழி. நாங்கள் 'றைற்' என்று எழுதுவதை இந்தியாவில் 'ரைட்' என்பார்கள். இரண்டு எழுத்துமுறையையும் தேடற் சொல் நிரலில் போடாவிட்டால் தேடுபவருக்குப் பாதிதான் கிடைக்கும். தட்டானால் வெளியீட்டு நிறுவனம், காகிதத்திலுள்ள பட்டியல் எண், அதோடு பள்ளம் முடியும் வெற்று வளையத்தில் பொறித்த எண். கடைசி எண்ணைச் சாய்வு வெளிச்சத்தில்தான் வாசிக்கலாம். காகிதம் மாற்றி ஒட்டிய தட்டுகளில் உண்மை சொல்வது அதுதான்.

இனி கேட்டு எழுதுதல். ஒரு மாதிரிப் பதிவு இப்படி இருக்கும்:

எண்: க-0041-1
பொருளில் உள்ளபடி: "பகிடி 3 பெரியண்ணை"
கொடுத்த பெயர்: [சங்கக்கடை வரிசை]
நேரம்: 00.00 முதல் 11.40 வரை
முதல் வரி: "எட தம்பி, சீனி வந்திட்டுதாம் எண்டு ஆர் சொன்னது?"
கடைசி வரி: "அப்ப நான் பின்னுக்கு நிண்டிருக்கலாம்."
பாத்திரங்கள்: கிழவர், மனேச்சர், பொடியன், மூன்றும் ஒரே ஆளின் குரல்
சபை: உண்டு; பிள்ளைகளின் சிரிப்பு அதிகம்; 07.10 இல் மணியோசை
காலம்: தீர்மானிக்கவில்லை
தந்தவர் சொன்னது: பிரதியின் பிரதி

முதல் வரியும் கடைசி வரியும் எழுதுவதுதான் எல்லாவற்றிலும் பயன் தருவது. பகிடிக்குத் தலைப்பு இல்லை, அல்லது நாலு தலைப்பு இருக்கும். இன்னொருவரின் கசெற்றில் அதே முதல் வரி வந்தால் அது அதே பேச்சு என்று உடனே தெரியும். ஆனால் சிரிப்பு வரும் இடங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பகிடியை அதே ஆள் வேறு ஊரில் பேசியதாகவும் இருக்கலாம். அப்படியானால் அவை இரண்டு பதிவு, இரண்டையும் வைத்திருக்க வேண்டும்.

பேச்சில் வரும் ஊர்ப் பெயர், விலை, பஸ், கடை, பட்டப்பெயர் எல்லாவற்றையும் நேரத்தோடு குறியுங்கள். பேச்சுவழக்கையும் எழுதுங்கள்: வடமராட்சி இழுவையா, முல்லைத்தீவுக் கரையோரப் பேச்சா, மட்டக்களப்புப் பேச்சைப் பாவனை செய்கிறாரா. விளங்காத சொல்லை ஊகித்து எழுதாமல் கேள்விக்குறி போட்டு விடுங்கள். பிறகு போனில் அந்த அரை நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வயதானவர்களிடம் போங்கள். முழுக் கசெற்றையும் போட்டுக் காட்டினால் அவர்கள் சிரிப்பில் இறங்கிவிடுவார்கள், கேள்வி மறந்துபோகும். அரை நிமிடம் கேட்டு, "உவர் இன்னாரின்ர மருமகன்" என்று ஒருவர் சொன்னால் அதை அவர் சொன்னதாக, நாளோடு எழுதுங்கள். இரண்டாவது ஆள் தனியாக அதையே சொல்லும்வரை பேசியவர் நிரலில் ஏற்றாதீர்கள்.

காலம் கணிக்கும்போது அவசரம் கூடாது. மேலே உள்ள மாதிரியில் சங்கக்கடையில் (கூட்டுறவுக் கடையில்) சீனிக்கு வரிசை என்றதும் 1970 முதல் 1977 வரையான தட்டுப்பாட்டுக் காலம் என்று எழுதத் தோன்றும். ஆனால் 1990களில் வன்னியில் நிவாரணமும் சங்கக்கடை வழியாகத்தான் வந்தது. சீனியின் விலையோ கூப்பன் புத்தகமோ நிவாரண அட்டையோ பேச்சில் வந்தால்தான் பிரிக்கலாம். உறுதியான அடையாளங்கள் சில உண்டு. அறிவிப்பாளர் "இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்" என்றால் 1967 அல்லது அதற்குப் பின். தட்டில் ஆங்கிலத்தில் 'சிறீலங்கா' என்று அச்சிட்டிருந்தால் 1972 அல்லது பின். 'சிலோன்' என்றிருந்தால் பெரும்பாலும் முன், ஆனால் பழைய காகிதம் மிஞ்சிப் பாவித்திருக்கலாம். வட்டத்துக்குள் ஆங்கிலப் பி எழுத்தும் ஆண்டும் 1970களிலிருந்து வரும்; அது அந்தப் பதிவு முதலில் வெளியான ஆண்டு, உங்கள் தட்டு அழுத்திய ஆண்டாக இராமலும் போகலாம். கசெற் எந்தக் காலத்ததோ பதிவும் அதே காலம் என்று எழுதக்கூடாது. கசெற் தருவது 'இந்தப் பிரதியை இதற்கு முன் எடுத்திருக்க முடியாது' என்ற எல்லையை மட்டும். பழைய பதிவைப் புதுக் கசெற்றில் பிரதி எடுத்திருப்பார்கள்.

வைக்கும் இடம்

தகரக் கூரைக்கு நேர் கீழே வேண்டாம், குசினிச் சுவரோடும் வேண்டாம். வீட்டின் நடு அறையில், நிலத்திலிருந்து ஓர் அடி உயரத்தில், சுவரைத் தொடாத அலுமாரி. கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் வைத்தால் எறும்பு ஏறாது. கறையானுக்கு மாதம் ஒருமுறை பின்பக்கம் பார்ப்பதே வழி. தட்டுகள் நிமிர்ந்து நிற்க வேண்டும், சாயக் கூடாது. 12 அங்குலத் தட்டுகள் ஓர் அடி அகலத்துக்கு 16 முதல் 20 கிலோ வரும், பலகை அதைத் தாங்க வேண்டும். கசெற்றை ஒரு பக்கம் முழுதும் சுற்றி, பெட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். பதிவு அழியாமல் இருக்க மேல் விளிம்பின் இரண்டு பல்லையும் உடைத்துவிடுங்கள். ஒலிபெருக்கி யூனிற்றுகளுக்குள் பலமான காந்தம் உண்டு. கசெற் பெட்டியை அதன்மேல் வைப்பது ஒலிபெருக்கிக்காரர் வீடுகளில் சாதாரணமாகக் காணும் காட்சி. கண்டால் முதலில் அதைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை ஈரப்பதம்தான் எதிரி. 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் முளைக்கும். சின்ன ஈரமானி ஒன்று வாங்கி அலுமாரிக்குள் வையுங்கள். சிலிக்கா ஜெல்லை மூடிய பெட்டிக்குள் வைத்தால்தான் பயன், திறந்த அலுமாரியில் அது அறையையே உலர்த்தப் பார்க்கும். கோடையில் சோளகம் தூசி கொண்டுவரும். சீலைத் திரை போதும். பூச்சி உருண்டை வைக்காதீர்கள். அதன் ஆவி கசெற் பெட்டியின் பொலிஸ்ரைரீனை இளக்கி ஒட்ட வைக்கும்.

பிரதியும் உரிமையும்

கோப்புகளை மூன்று இடத்தில் வையுங்கள், ஒன்றாவது வேறு மாவட்டத்திலோ வெளிநாட்டிலோ இருக்கட்டும். வன்னியில் இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. வருடத்துக்கு ஒருமுறை மூன்றையும் திறந்து சில கோப்புகளைக் கேட்டுப் பாருங்கள். தட்டோ கசெற்றோ தந்த வீட்டுக்கு அதன் பதிவைப் பென் றைவில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த பெட்டி பெரும்பாலும் அந்த வீட்டின் அறிமுகத்தில்தான் கிடைக்கும்.

பொருள் உங்களுடையதானாலும் பேச்சு உங்களுடையதல்ல. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவரின் உரிமை அவர் இறந்து 70 வருடம் வரை நிற்கும். பதிவுக்கும் பேசியவருக்கும் தனி உரிமைகள் உண்டு. வீட்டில் பாதுகாப்பது ஒன்று, இணையத்தில் ஏற்றுவது வேறு. ஏற்றுமுன் பேசியவரையோ குடும்பத்தையோ கேளுங்கள். மேடைப் பகிடியில் அயலவரின் பெயரும் சாதியும் ஊனமும் வந்துபோகும். சம்பந்தப்பட்டவர் இன்றும் அதே ஊரில் இருக்கலாம். வேண்டாம் என்று யாராவது சொன்னால் பட்டியலில் "பொதுவில் போடுவதில்லை" என்று நாளோடு எழுதி, கோப்பை அப்படியே வைத்திருங்கள். அழிக்க வேண்டாம். பத்து வருடம் கழித்து அதே வீட்டுப் பேரப்பிள்ளை வந்து தாத்தாவின் குரலைக் கேட்டால் எடுத்துக் கொடுக்க அது இருக்க வேண்டும்.